பிள்ளை குடித்துவிட்டு வந்தால்: டியூஷன் வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் 22 வருஷமாகப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறேன். மாசா மாசம் ஃபீஸ் கட்ட வருகிற அம்மா, அப்பாக்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு, செருப்பு மாட்டுகிற சாக்கில் வாசலிலேயே நின்று, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள். ஒரு காலத்தில் அது காதல் விவகாரமாக இருந்தது. அப்புறம் செல்போன் வந்தது. இப்போது, "டீச்சர், பசங்க குடிக்கிறாங்களாமே?" என்பதுதான் கேள்வி. சிலர் "எதிர் வீட்டுப் பையனுக்காகக் கேக்குறேன்" என்று ஆரம்பிப்பார்கள். எதிர் வீட்டில் பையனே இருக்க மாட்டான்.

ஒரே பதிலைப் பல பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவிட்டேன். நான் டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை. பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் சில வீடுகளில் தாத்தா பாட்டிகளையும் ஒரே வாசலில் பார்த்தவள், அவ்வளவுதான்.

"எங்க காலத்துல இப்படியெல்லாம் கிடையாது" என்கிறார் மாமனார். உண்மையா?

அவர் பிறந்த வருஷத்தைக் கேளுங்கள். பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

என் அப்பா 1948-இல் பிறந்தவர். அதே வருஷம்தான் மதராஸ் மாகாணம் முழுவதும் மதுவிலக்கின் கீழ் வந்தது. 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் ஆரம்பித்து வைத்தது அது. 1971-இல் கருணாநிதி ஆட்சியில் கடைகள் திறந்தபோது அப்பாவுக்கு 23 வயசு. அதாவது அவர் மீசை முளைத்து வேலைக்குப் போகும் வரைக்கும் ஊரில் கடையே கிடையாது. "இருபது வயசுல நாங்க தொட்டதே இல்லை" என்று அவர் மார்தட்டினால், அதில் பாதி ஒழுக்கம், பாதி கடை இல்லாத புண்ணியம்.

கடை இல்லாததால் குடியும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வடசென்னையில் சோற்றைப் புளிக்க வைத்துச் செய்கிற சுண்டக்கஞ்சி இருந்தது. ஆல்கஹால் கலந்த மருந்துக்கடை ஜிஞ்சர் இருந்தது. மரச்சாமானுக்குப் பூசுகிற வார்னிஷைக் குடித்துச் செத்தவர்கள் இருந்தார்கள். வசதி உள்ளவர்கள் உடம்புக்கு வேண்டியிருக்கிறது என்று காரணம் காட்டிப் பெர்மிட் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் பாட்டிகளிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். தாத்தாக்கள் சொல்வதும் பாட்டிகள் சொல்வதும் ஒரே ஊரைப் பற்றித்தானா என்று சந்தேகம் வந்துவிடும்.

திறந்த கடைகளை 1974-க்குள் மறுபடி மூடினார்கள். 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தார்கள். 1983-இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் வந்தது. இன்றைக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கிற அப்பாக்கள் பெரும்பாலும் எழுபதுகளின் கடைசியில் பிறந்தவர்கள். அவர்கள் வாலிபத்தில் பார்த்தது தனியார் நடத்திய 'ஒயின் ஷாப்'. காலேஜ் ஹாஸ்டல், திருவல்லிக்கேணி மேன்ஷன், முதல் சம்பள ட்ரீட் என்று அவர்கள் குடி எல்லாமே வீட்டுக்கு வெளியே நடந்தது. வீட்டுக்கு வரும்போது தெளிந்து வந்தார்கள், அல்லது அன்றைக்கு வரவே இல்லை.

2008-இல் பிறந்த பிள்ளையின் கதை வேறு. 2003 நவம்பரிலேயே சில்லறைக் கடைகளும் டாஸ்மாக் கைக்குப் போய்விட்டன. அவன் கண் திறந்த நாளிலிருந்து விற்பவர் அரசாங்கம்தான். தீபாவளிக்கு எத்தனை கோடிக்கு விற்றது என்று டிவியில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்வதைக் கேட்டே வளர்ந்தவன். "கெட்ட பழக்கம்டா" என்றால், "அப்புறம் ஏன் மிஸ் கவர்மென்ட்டே விக்குது?" என்கிறான். இந்தக் கேள்விக்கு எனக்கு இதுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

ஆனால் மூன்று தலைமுறைக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம். ராத்திரி ஒன்பதரை மணிக்கு அதன் கிளை அசைகிற சத்தம் கேட்டால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். நாலைந்து இலையைக் கிள்ளி மென்று துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டுதான் உள்ளே வருவார். சுவர்ப் பக்கமாக, கைக்கு எட்டுகிற உயரம் வரைக்கும் மரம் மொட்டையாக இருக்கும். எனக்கும் தம்பிக்கும் அது ஏன் என்று தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறந்ததில்லை. இன்றைக்கு என் டியூஷன் பையன்கள் கொய்யா இலைக்குப் பதிலாக சென்டர் ஃப்ரெஷ் மெல்லுகிறார்கள். எங்கள் வீடுகளில் "குடிக்காதே" என்பதை யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை. "தெரியாமல் பார்த்துக்கொள்" என்பதைத்தான் தாத்தாவிடமிருந்து அப்பாவும் அப்பாவிடமிருந்து பிள்ளையும் தவறாமல் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் தடவை எங்கே குடிக்கிறார்கள்?

டாஸ்மாக் வாசலில் என்று நினைக்கிறீர்கள். நான் கேட்ட வரையில், பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில்.

எங்கள் பக்கத்தில் சாவு வீடு முக்கியமான இடம். இறுதி ஊர்வலத்தில் ஆடுகிற பசங்களுக்கு யாராவது பெரியவர் ஊற்றிக் கொடுப்பார். துக்கத்தில் கணக்கு பார்ப்பவர் யார்? பதினாலு, பதினைந்து வயசுப் பையன் அந்தக் கூட்டத்தில் நிற்பான். அடுத்தது கல்யாணம். மேலே மண்டபத்தில் ரிசப்ஷன் நடக்கும், கீழே பார்க்கிங்கில் மாமாவின் கார் டிக்கி திறந்திருக்கும். "ஆம்பளப் பையன்தானே, ஒரு மூடி குடிடா" என்று சொல்கிற சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இதற்கெல்லாம் பிறகுதான் ஃப்ரெண்டு வீட்டு மொட்டை மாடி, பப்ளிக் எக்ஸாம் முடிந்த நாள், டிசம்பர் 31.

அதனால் "எவன் சொல்லிக் கொடுத்தான்?" என்று பிள்ளையின் நண்பர்களைத் தேடுவதற்கு முன்னால் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். என்னிடம் படித்த இரண்டு பையன்கள் நெருங்கிய நண்பர்கள். இருவருடைய அம்மாக்களும் ஒரே வாரத்தில் வந்து, இருவரும் அதே வாசலில் நின்று, "அந்தப் பையனாலதான் டீச்சர் இவன் கெட்டான்" என்றார்கள்.

சட்டப்படி எந்த வயசு?

தமிழ்நாட்டில் 21. கடை பகல் 12 மணியிலிருந்து இரவு 10 வரை. 21 வயது ஆகாதவர்களுக்கு விற்பதில்லை என்று எழுதியும் வைத்திருப்பார்கள். அடையாள அட்டை கேட்கிறார்களா என்றால், அந்த வரிசையில் நின்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் உடனே புதுச்சேரிக் கணக்கைக் கொண்டுவருவார்கள். ஆமாம், அங்கே 18. கேரளாவில் 23, டெல்லியில் 25. ஓட்டுப் போட 18 போதும், குடிக்க மட்டும் ஏன் 21 என்று கேட்கிறான் பாருங்கள், அவனை உட்கார வைத்துப் பேசுங்கள். யோசிக்கிற பையன் அவன்.

வெளியில் போய்க் குடிப்பதைவிட நானே வீட்டில் கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் என்ன?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நாலு நாடு பார்த்த அப்பாக்கள். பெரம்பூரில் குறைவு. இங்கிருந்து ஓ.எம்.ஆர். பக்கம் குடிபோன பழைய மாணவர்கள் இப்போது அப்பாக்களாகி போனில் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் குடும்பமாக உட்கார்ந்து ஒயின் குடிக்கிறார்களே என்பது அவர்கள் வாதம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆளுக்கு இவ்வளவு என்று பார்த்தால் உலகிலேயே அதிகம் குடிப்பது ஐரோப்பாதான் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 77: டாக்டர் சொல்லாமல் 18 வயது ஆகாத பிள்ளைக்கு மது கொடுப்பவருக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கொடுத்தவர் அப்பாவா, சித்தப்பாவா, கடைக்காரரா என்றெல்லாம் அந்தப் பிரிவு வித்தியாசம் பார்ப்பதில்லை. பிள்ளையை வைத்து மதுவை எடுத்துப் போகவோ விற்கவோ செய்தால் பிரிவு 78, தண்டனை அதே அளவு. "தம்பி, போய் பாட்டில் வாங்கிட்டு வா" என்று அனுப்புகிற அப்பாக்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

அப்புறம் உடம்பு. மூளையில் 'வேண்டாம், நிறுத்து' என்று சொல்கிற முன்பகுதிதான் கடைசியாக முதிர்ச்சி அடைகிறது, இருபத்தைந்து வயசு வாக்கில். அது வேலையைச் சரியாகக் கற்றுக்கொள்வதற்கு முன்பே ஆல்கஹால் பழகினால் பிற்காலத்தில் அடிமையாகிற வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை ஆறு வருஷம் தொடர்ந்து கவனித்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெற்றோர் கையால் கொடுத்தது பாதுகாப்பாக அமைந்ததற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. வீட்டில் வாங்கிக் குடித்த பிள்ளைகள் வெளியிலும் வாங்கிக் குடிக்க ஆரம்பித்ததுதான் தெரிந்தது.

என் அபிப்பிராயம் வேண்டுமானால்: அப்பா ஊற்றிக் கொடுத்தால் பிள்ளைக்கு அளவு தெரியாது, அனுமதி கிடைத்தது என்பது மட்டும் தெரியும்.

"பீர்தானேம்மா" என்கிறான். பீர் அவ்வளவு மோசமா?

இது என் பாடம். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

ஆல்கஹால் பாடம் வரும்போது போர்டில் இரண்டு கணக்கு போடுவேன். ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். 180-இல் 42.8 சதவீதம், சுமார் 77 மில்லி எத்தனால். அதன் அடர்த்தி 0.79. பெருக்கினால் 61 கிராம். அடுத்து பெரிய பீர் பாட்டில், 650 மில்லி. இங்கே அதிகம் ஓடுவது ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் வரை. 52 மில்லி எத்தனால், 41 கிராம். உலக சுகாதார நிறுவனம் 10 கிராமை ஒரு அளவாக எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் குவாட்டரில் ஆறு, பீரில் நாலு. ஒரு பீரும் ஒரு கட்டிங்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. சொல்லப்போனால் பீர் ஒரு படி மேலே. கட்டிங் என்றால் குவாட்டரில் பாதி, அதை நான் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கடைசி பெஞ்சில் இருந்து வருகிற சிரிப்பு இந்த இடத்தில் நின்றுவிடும். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு அளவைத்தான் கரைக்கும் என்று சொல்லிவிட்டு, "ராத்திரி பத்து மணிக்கு ஒரு பீர் முடிச்சா எத்தனை மணிக்குத் தெளியும்?" என்று கேட்பேன். பதில் அவர்களே சொல்வார்கள். மோர், எலுமிச்சை ஜூஸ், பச்சைத் தண்ணிக் குளியல், பிளாக் காபி எதுவும் அந்தக் கணக்கை ஒரு நிமிஷம்கூடக் குறைக்காது. இதை நான் ஒழுக்கப் பாடமாக நடத்தியிருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

வாசனை வந்தது. அன்றைக்கு ராத்திரியே கேட்டுவிடட்டுமா?

வேண்டாம். குடித்திருப்பவனிடம் பேசினால் நீங்கள் பேசுவது ஆல்கஹாலிடம். ராத்திரி பார்க்க வேண்டியது உயிரை மட்டும்தான், அதை அடுத்த பதிலில் சொல்கிறேன். காலையில் அவன் முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்ட பிறகு, தாத்தா பாட்டி இல்லாத நேரத்தில் பேசுங்கள்.

என்ன கேட்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. பள்ளியில் ஃபேர்வெல் நாள். சாயங்காலம் ஐந்தரை மணி பேட்சுக்கு ஒரு பையன் வெள்ளைச் சட்டையோடு வந்தான். கையில் ஸ்ப்ரைட் பாட்டில். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவன் பத்து நிமிஷத்தில் நோட்டின் மேல் தலையைச் சாய்த்துவிட்டான். பாட்டிலில் இருந்தது ஸ்ப்ரைட் மட்டும் இல்லை என்பது வாந்தி எடுத்தபோது தெரிந்தது. மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். நைட்டி மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்தார். பையன் சுவரில் சாய்ந்து கிடக்கிறான், சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது. அவர் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், யாராச்சும் பார்த்தாங்களா?" இரண்டாவது, "மத்த பசங்க எல்லாம் இருந்தாங்களா?" மூன்றாவது கேள்வியில்தான் பையன் வந்தான்.

அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை. கொய்யா மரத்து வீட்டில் வளர்ந்த எனக்கும் அந்தக் கேள்விதான் முதலில் வந்திருக்கும். ஆனால் பையன் அரை மயக்கத்திலும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வீட்டுக்கு எது முக்கியம் என்று அவனுக்கு அந்த வரிசையே சொல்லிவிட்டது.

என்ன குடித்தான், எவ்வளவு, காலிவயிற்றிலா, கூட யார் இருந்தார்கள், எதில் வீடு வந்தான். இவ்வளவு தெரிந்தால் போதும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள், கஷ்டம்தான். "எங்க மானமே போச்சு" என்று ஒரு தடவை ஆரம்பித்தால் அப்புறம் பேச்சு உங்கள் மானத்தைப் பற்றியே ஓடும், அவன் தப்பித்துவிடுவான்.

அம்மா தலையில் அடித்து சத்தியம் வாங்குவது, கற்பூரத்தை அணைக்கச் சொல்வது, இதெல்லாமும் வேண்டாம். சத்தியம் செய்த பிள்ளை அடுத்த தடவை உங்களிடம் வந்து சொல்ல முடியாது. அவன் இன்னும் நன்றாக மறைப்பான். பெல்ட்டால் அடிப்பதும் அதே வேலையைத்தான் செய்யும்.

மட்டையாகிக் கிடக்கிறான். தூங்கி எழுந்தால் சரியாகிவிடுமா?

சில பேர் எழுவதில்லை. அதனால் இதைச் சுருக்கமாக, கட்டளையாகவே சொல்கிறேன்.

மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி முன்னால் வையுங்கள். வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போகாது. விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஷவருக்கு அடியில் நிறுத்தாதீர்கள், குளிர்ந்துபோகும், வழுக்கி விழவும் செய்வான். ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும்.

தட்டி எழுப்பினால் கண் திறக்கவில்லை, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே பத்து செகண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது, உதடு நீலமாகிறது, உடம்பு சில்லிட்டுப் போகிறது, வலிப்பு வருகிறது: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் 108. "ஆம்புலன்ஸ் வந்தா தெருவே பார்க்குமே" என்ற யோசனைக்கு அப்போது இடம் கொடுக்காதீர்கள்.

எங்கேயோ யாரோ கொடுத்த சாராயம் என்றால் எந்த அறிகுறிக்காகவும் காத்திருக்க வேண்டாம். அதில் மெத்தனால் என்கிற விஷ ஆல்கஹால் இருக்கலாம். அதைக் குடித்தவன் முதலில் நன்றாகவே இருப்பான். பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலியும் கண் மங்கலும் வரும். 2023 மே மாதம் மரக்காணத்திலும், 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த கள்ளக்குறிச்சியிலும் ஆளைக் கொன்றது அதுதான்.

பெண் பிள்ளை குடித்தால்?

இந்தக் கேள்வியை மட்டும் யாரும் வாசலில் நின்று கேட்டதில்லை. உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார்கள். பையன் என்றால் "வயசுக் கோளாறு", பெண் என்றால் "குடும்ப மானம்". பாட்டி, அம்மா, அப்பா என்று எந்தத் தலைமுறையும் இதில் மற்றவரோடு சண்டை போடுவதில்லை, அதிசயமான ஒற்றுமை.

உடம்பைப் பொறுத்தவரை ஒரு வித்தியாசம் உண்டு. பெண் உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு குடித்தால் ரத்தத்தில் அளவு கூடுதலாக ஏறும். இன்னொரு வித்தியாசம் நாம் உண்டாக்கியது. வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்று பயப்படுகிற பெண், உடம்பு முடியாமல் போனாலும், யாராவது தவறாக நடந்தாலும் வீட்டுக்குப் போன் செய்ய மாட்டாள். உங்கள் பெண் ராத்திரி பதினோரு மணிக்கு, எந்த நிலைமையில் இருந்தாலும், முதலில் உங்கள் நம்பரை அழுத்துவாளா? பதில் சந்தேகமாக இருந்தால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. குடியைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

வீட்டுக்காரரே சனிக்கிழமை ஆனால் குடிக்கிறார். நான் எந்த வாயால் பையனுக்குச் சொல்வது?

மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்டவர்கள் எல்லாரும் அம்மாக்கள். ஒரு அப்பாகூட இதைக் கேட்டதில்லை.

ஒரு வீட்டில் நடப்பதைப் பையனே சொல்லியிருக்கிறான். சனிக்கிழமை ஏழு மணிக்கு அப்பா ஐம்பது ரூபாய் கொடுப்பார். இவன் போய் வறுத்த கடலை, சோடா, ஐஸ் வாங்கி வர வேண்டும். டம்ளர் கழுவி வைக்க வேண்டும். மீதிச் சில்லறை இவனுக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து இந்த வேலை. "எனக்கு அந்த வாசனைனா சனிக்கிழமை மிஸ், சந்தோஷமா இருக்கும்" என்றான். அவன் இன்னும் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனால் பழக்கத்தில் முக்கால்வாசி உள்ளே போய்விட்டது.

அப்பா இன்றைக்கே நிறுத்திவிடுவார் என்று நான் கனவு காணவில்லை. முதலில் பிள்ளையை அந்த வேலையிலிருந்து விடுவியுங்கள். கடலையை அவரே வாங்கிக்கொள்ளட்டும், டம்ளரை அவரே கழுவட்டும். அப்புறம், அப்பாவுக்காகப் பொய் சொல்லாதீர்கள். "அப்பாவுக்குத் தலைவலி, படுத்திருக்காரு" என்று சொல்லும்போது பிள்ளை நம்புவதில்லை, பொய் சொல்லும் முறையைக் கற்றுக்கொள்கிறான். "அப்பா குடிச்சிருக்காரு. எனக்குப் பிடிக்கலை. அவரால நிறுத்த முடியலை" என்று உள்ளதைச் சொல்லலாம். நிறுத்த முடியாமல் தவிக்கிற ஒரு ஆளை வீட்டிலேயே பார்ப்பதைவிடப் பெரிய எச்சரிக்கை எந்தப் பாட்டில் லேபிளிலும் இல்லை.

கணவருக்கு உதவி தேவை என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சென்னையில் பல இடங்களில் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்று தனியாக உண்டு. போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், நீங்கள் எதுவும் பேசக்கூட வேண்டாம்.

குடித்துவிட்டு பைக் ஓட்டுகிறான் என்று சந்தேகம்.

சாவியை வாங்கி வையுங்கள். இதில் பேச்சுவார்த்தை கிடையாது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினாலே குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரை சிறையோ இரண்டுமோ. 18 ஆகாதவன் ஓட்டினால், குடிக்காமல் ஓட்டினாலும் சரி, வண்டிக்குச் சொந்தக்காரருக்கு மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருஷம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் இல்லை. இந்தச் செய்தியை அப்பாக்களிடம் சொன்னால் மட்டும் உடனே வேலை நடக்கிறது.

ஒரு தடவை செய்த விளையாட்டா, பழக்கமா? எப்படித் தெரியும்?

சேர்ந்து குடித்தவன் தனியாகக் குடிக்க ஆரம்பித்தால். பணம் காணாமல் போனால். திங்கட்கிழமைக் காலை வகுப்புகள் மட்டும் விட்டுப்போனால் (என் அட்டெண்டன்ஸ் நோட்டில் இது நன்றாகத் தெரியும்). மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை என்பதற்காகக் குடித்தால் இன்னும் அவசரம். அங்கே குடிக்கு அடியில் வேறொரு பிரச்சினை உட்கார்ந்திருக்கிறது.

மனநலத்துக்கு டெலி மானஸ் 14416, போதைப் பழக்கத்துக்கு 14446, பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. மூன்றும் இலவசம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புப் பிரிவு இருக்கிறது. இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனை இந்த வேலைக்கென்றே இருப்பது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கியது. "அங்கே போனால் பைத்தியம் என்பார்கள்" என்று தாத்தா சொல்வார். சொல்லட்டும்.

பள்ளிக்குத் தெரிந்தால் டிசி கொடுத்துவிடுவார்களா?

சில இடங்களில் மிரட்டுவார்கள். நேரில் போய்ப் பேசுங்கள், கெஞ்சாமல். பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட பையனுக்குப் பகல் முழுக்க நேரம் கிடைக்கும், அது யாருக்கும் நல்லதில்லை என்று சொல்லிப் பாருங்கள்.

"நீங்க இந்த வயசுல குடிச்சதே இல்லையாப்பா?" என்று திருப்பிக் கேட்டால்?

உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் ரசித்துச் சொல்லாதீர்கள். ஒரு அப்பா தன் மேன்ஷன் நாட்களைக் கதை கதையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தார். பையன் அதை அப்படியே என் வகுப்பில் வந்து சொன்னான், பெருமையாக. விழுந்ததையும் சொல்லுங்கள். போன பணத்தையும் பேசாமல் போன நண்பனையும் சேர்த்துச் சொல்லுங்கள். குடித்ததில்லை என்றால் அதையும் பீற்றிக்கொள்ளாமல் சொல்லலாம்.

என் அப்பாவிடம் நான் அந்தப் பேச்சை எடுத்தபோது அவருக்கு எழுபது வயசு. குடியை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அந்தக் கொய்யா இலை ரொம்பத் துவர்க்குமாப்பா?" என்றேன். பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தெரிஞ்சும் ஏன் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலை?" என்றார்.

சமையலறையில் இருந்து அம்மாவின் குரல் வந்தது: "இலையைப் பறிச்சா மரம் காய்க்காதுன்னு தினமும் சொன்னேனே."